வேலூர் வீட்டுக் கணக்கும் வடதுருவப் பனியும்: கரியமில வாயுவைக் குறைக்க ஒரு செயல்முறைக் கையேடு

டிர்க் நோட்ஸ், ஜூலியன் ஸ்ட்ரோவ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2016-ஆம் ஆண்டில் 'சயின்ஸ்' இதழில் ஒரு கணக்கை வெளியிட்டார்கள். மனிதர்கள் வெளியேற்றும் ஒவ்வொரு டன் கரியமில வாயுவுக்கும், செப்டம்பர் மாதத்தில் ஆர்க்டிக் கடலின் மேல் மிதக்கும் பனிப்பரப்பு ஏறத்தாழ 3 சதுர மீட்டர் குறைகிறது என்பதே அந்தக் கணக்கு. கோடை முடிந்து பனி மிகக் குறைவாக இருக்கும் மாதம் செப்டம்பர் என்பதால் அந்த மாதத்தை அளவுகோலாக எடுத்துக்கொண்டார்கள். வேலூரில் எரியும் பெட்ரோலுக்கும் வடதுருவத்தில் உருகும் பனிக்கும் இடையே உள்ள தொடர்பை இவ்வளவு நேரடியாகச் சொல்லும் வேறு எண் எனக்குத் தெரிந்து இல்லை. ஆகவே இந்தக் கையேடு முழுவதும் அந்த எண்ணையே கையில் வைத்துக்கொண்டு, எந்தச் செயல் எத்தனை கிலோ பெறும் என்று பார்த்துப் பார்த்துச் செல்கிறது.

பனி உருகுவதன் அடிப்படையை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பனி மூடிய வெள்ளைப் பரப்பு தன்மீது விழும் சூரிய ஒளியில் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடுகிறது. அந்தப் பனி விலகியதும் வெளிப்படும் கருநீலக் கடல் 90 விழுக்காட்டுக்கு மேல் உள்வாங்கிக்கொண்டு சூடாகிறது, அந்தச் சூடு இன்னும் கொஞ்சம் பனியைக் கரைக்கிறது. 1979 முதல் செயற்கைக்கோள்கள் தொடர்ந்து அளந்துவரும் பதிவில் ஆர்க்டிக் கடற்பனி மிகக் குறைவாக இருந்தது 2012 செப்டம்பரில். அப்போது சுமார் 34 இலட்சம் சதுர கிலோமீட்டர் மட்டுமே மிஞ்சியது. மிதக்கும் பனி உருகினால் கடல்மட்டம் உயர்வதில்லை. கிரீன்லாந்து, அண்டார்க்டிகா ஆகிய நிலப்பரப்புகளின் மேல் படிந்திருக்கும் பனி கரையும்போதுதான் கடல் உயர்கிறது. 2002 முதலான செயற்கைக்கோள் அளவீடுகளின்படி கிரீன்லாந்து ஆண்டுக்குச் சராசரியாக ஏறத்தாழ 27,000 கோடி டன் பனியையும் அண்டார்க்டிகா சுமார் 15,000 கோடி டன் பனியையும் இழந்து வந்திருக்கின்றன. கடல்மட்டத்துக்கு 200 மீட்டர் உயரத்தில் இருக்கும் வேலூருக்கு அந்தக் கடல் வரப்போவதில்லை. ஆனால் பனியைக் கரைக்கும் அதே வெப்பம் நம் அக்னி நட்சத்திரத்தின்மேலும் ஏறி உட்கார்ந்திருக்கிறது.

முதல் வேலை: வீட்டின் கணக்கை எடுத்தல்

இ.பி. கார்டு, சிலிண்டர் பதிவு செய்த குறுஞ்செய்திகள், பெட்ரோல் போட்ட செலவு ஆகிய மூன்றும் இருந்தால் அரைமணி நேரத்தில் கணக்கு முடிந்துவிடும். மின்சாரம் ஒரு யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ கரியமில வாயு என்று வைத்துக்கொள்ள வேண்டும். மத்திய மின்சார ஆணையம் நாடு முழுவதற்கும் சேர்த்துக் கணிக்கும் எண் ஏறத்தாழ இதுதான். நம் மின்சாரத்தின் பெரும்பகுதி இன்னும் நிலக்கரியிலிருந்து வருவதே இதற்குக் காரணம். 14.2 கிலோ சமையல் எரிவாயு சிலிண்டர் ஒன்று தீரும்போது சுமார் 42 கிலோ வெளியாகிறது. பெட்ரோல் லிட்டருக்கு 2.3 கிலோ, டீசல் லிட்டருக்கு 2.7 கிலோ.

சத்துவாச்சாரியிலோ காட்பாடியிலோ நான்கு பேர் உள்ள ஒரு நடுத்தரக் குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். இரண்டு மாதத்துக்கு 400 யூனிட் ஓடினால் ஆண்டுக்கு 2,400 யூனிட், அதாவது ஏறக்குறைய 1.7 டன். ஆண்டுக்குப் பத்து சிலிண்டர் என்றால் 0.42 டன். மாதம் 15 லிட்டர் பெட்ரோல் என்றால் இன்னொரு 0.41 டன். மொத்தம் இரண்டரை டன். நோட்ஸ், ஸ்ட்ரோவ் கணக்கில் ஏழரைச் சதுர மீட்டர் பனி, எட்டுக்குப் பத்தடி அறை ஒன்றின் தரை அளவு. இது ஒவ்வோர் ஆண்டும் புதிதாகச் சேரும் கணக்கு என்பதை மறக்கக் கூடாது. உணவு, துணி, கட்டடம், பயணம் ஆகியவற்றின் பங்கு இதில் சேரவில்லை. உலகச் சராசரி ஆளுக்கு நாலரை டன்னுக்கு மேல், இந்தியச் சராசரி சுமார் 2 டன் என்ற நிலையில், பனியைக் கரைத்த பழி முழுவதையும் நம் தலையில் கட்டுவது நியாயமாகாது. ஆனால் குளிர்சாதனமும் காரும் வாங்கும் வசதி வந்த குடும்பங்களின் அளவு இந்தியச் சராசரியைத் தாண்டி வெகுதூரம் போய்விடுகிறது. இந்தக் கையேடு முதன்மையாக அவர்களுக்கானது.

மேற்படிக் கணக்கிலேயே ஓர் உண்மை தெரிகிறது: மூன்றில் இரண்டு பங்கு மின்சாரம். அதிலும் வேலூரில் மின்சாரம் என்றால் பெரும்பாலும் வெப்பத்தோடு நடத்தும் போராட்டம்தான்.

மொட்டை மாடி, மின்விசிறி, ஏ.சி.

காலை பத்து மணி முதல் வெயிலைக் குடிக்கும் கான்கிரீட் தளம், அந்தச் சூட்டை நள்ளிரவு தாண்டியும் அறைக்குள் இறக்கிக்கொண்டே இருக்கிறது. சுற்றிலும் பாறை மலைகள் உள்ள நகரம் என்பதால் இரவுக் காற்றும் உடனே குளிர்வதில்லை. எனவே ஏ.சி. வாங்குவதைப் பற்றி யோசிப்பதற்கு முன் தளத்தை வெள்ளையாக்குவதைப் பற்றி யோசிக்க வேண்டும். பனி ஒளியைத் திருப்பி அனுப்பும் அதே இயற்பியல்தான் இங்கும் வேலை செய்கிறது.

மாசி மாதக் கடைசியில், வெயில் ஏறுவதற்கு முன், மாடியைக் கூட்டி, பாசியையும் தூசியையும் கம்பித் துடைப்பத்தால் தேய்த்துக் கழுவ வேண்டும். விரிசல்களைச் சிமெண்டுப் பாலாலோ விரிசல் அடைக்கும் கலவையாலோ மூடி உலரவிட வேண்டும். கிளிஞ்சல் சுண்ணாம்பையோ கல் சுண்ணாம்பையோ முதல் நாளே நீற்றி ஓர் இரவு ஊறவைத்து, மறுநாள் சாக்குத்துணியில் வடிகட்டி, ஒட்டுவதற்குச் சிறிது பசை சேர்த்து, மோர்ப் பதத்துக்குக் கரைத்துக்கொள்ள வேண்டும். இதை வெயில் தாழ்ந்த பிறகு மட்டுமே பூச வேண்டும். நண்பகலில் பூசினால் ஈரம் உடனே போய்ச் சுண்ணாம்பு பொடிப்பொடியாக உதிர்ந்துவிடும். முதல் பூச்சு காய்ந்ததும் குறுக்குவாட்டில் இரண்டாவது பூச்சும், தேவையானால் மூன்றாவதும் கொடுக்கலாம். நீற்றும்போது சுண்ணாம்பு கொதித்துத் தெறிக்கும் என்பதால் பிளாஸ்டிக் வாளியைப் பயன்படுத்தாமல் இரும்பு அல்லது சிமெண்டுத் தொட்டியைப் பயன்படுத்துவதும், கண்ணாடி, கையுறை அணிவதும், குழந்தைகளைக் கிட்டே விடாமல் இருப்பதும் கட்டாயம். வடகிழக்குப் பருவமழையில் இந்தப் பூச்சு பெரும்பாலும் கரைந்துவிடும், ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டியிருக்கும். அதற்கு ஆள் கிடைக்காதவர்கள், சில ஆண்டுகள் தாங்கும் வெள்ளைக் குளிர்ச்சிப் பூச்சையோ கூலிங் டைல்ஸையோ நாடலாம். செலவு பல மடங்கு. எதைச் செய்தாலும் அறைக்குள் இரண்டு முதல் ஐந்து டிகிரி வரை குறைவது வழக்கம். மேல்தளத்தில் குடியிருப்போருக்குத்தான் இதன் முழுப் பயனும் கிடைக்கும். வாடகை வீட்டில் இருப்பவர்கள் வீட்டு உரிமையாளரிடம் கேட்டுப் பார்க்கலாம். தளத்தின் ஆயுளும் கூடும் என்று சொன்னால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள்.

பகலில் மேற்குச் சன்னல்களை மூடித் திரையிடுவதும், சூரியன் மறைந்த பின் எதிரெதிர்ச் சன்னல்களைத் திறந்துவிடுவதும், வெட்டிவேர்த் தட்டியில் நீர் தெளிப்பதும் பாட்டிமார் அறிந்த உத்திகள். வேலூரின் வறண்ட வெப்பத்தில் நீர் தெளிக்கும் உத்தி கடலோர ஊர்களைவிட நன்றாகவே வேலை செய்யும்.

அடுத்து மின்விசிறி. நம் வீடுகளில் இருக்கும் சாதாரண மின்விசிறி 70 முதல் 75 வாட் இழுக்கிறது, பி.எல்.டி.சி. மோட்டார் உள்ள புது வகை 30 வாட் அளவில் அதே காற்றைத் தருகிறது. நாளொன்றுக்குப் பதினைந்து மணி நேரம் ஓடும் ஒரு விசிறியை மாற்றினால் ஆண்டுக்கு ஏறத்தாழ 245 யூனிட், அதாவது 170 கிலோ கரியமில வாயு மிச்சம். கூடத்தில் ஒன்று, படுக்கையறையில் ஒன்று என அதிகம் ஓடும் இரண்டை மட்டும் முதலில் மாற்றுவது புத்திசாலித்தனம். பூஜை அறை விசிறியை மாற்றுவதால் ஒன்றும் ஆகிவிடாது. இரண்டு மாதப் பயன்பாடு 500 யூனிட்டைத் தாண்டும் வீடுகளில் கட்டண விகிதமே ஏறிவிடுகிறது என்பதால், அந்த எல்லையை ஒட்டி ஓடும் வீடுகளுக்கு இந்த முதலீடு விரைவில் திரும்பி வந்துவிடும்.

ஏ.சி. இல்லாமல் முடியாது என்ற வீடுகளில், 26 டிகிரியில் வைத்து மின்விசிறியையும் மெதுவாக ஓடவிடுவதே சிறந்த வழி. ஒவ்வொரு டிகிரி ஏற்றத்துக்கும் ஏறத்தாழ 6 விழுக்காடு மின்சாரம் குறையும் என்பது எரிசக்தித் திறன் பணியகத்தின் கணக்கு. 2020 முதல் புது இயந்திரங்கள் 24 டிகிரியில்தான் தொடங்க வேண்டும் என்று விதி செய்திருப்பதும் அதனால்தான். இருபது டிகிரியில் வைத்துவிட்டுக் கம்பளி போர்த்திக்கொள்ளும் பழக்கத்துக்கு வேலூரில் பஞ்சமில்லை.

ஏ.சி.யில் நிரப்பும் வாயு

மின்சாரத்தைப் பற்றிப் பேசும் பலரும் கவனிக்காமல் விட்டுவிடும் இடம் இது. என் மதிப்பீட்டில் வீட்டிலிருந்தே மிகக் குறைந்த செலவில் மிகப் பெரிய பயன் கிடைக்கும் இடமும் இதுதான். ஏ.சி. குழாய்களுக்குள் சுற்றிவரும் குளிரூட்டும் வாயு வெளியேறினால், அது ஒரு கிலோவுக்கு ஒரு கிலோ என்ற கணக்கில் நிற்பதில்லை. பழைய இயந்திரங்களில் உள்ள ஆர்-22 கரியமில வாயுவைப் போல் சுமார் 1,800 மடங்கும், ஆர்-410ஏ 2,000 மடங்குக்கு மேலும், புதியவற்றில் உள்ள ஆர்-32 ஏறத்தாழ 675 மடங்கும் வெப்பத்தைப் பிடித்து வைக்கின்றன. ஒரு கிலோ ஆர்-22 காற்றில் கலந்தால் 1.8 டன் கரியமில வாயுவை விட்டதற்குச் சமம். நாம் மேலே பார்த்த குடும்பத்தின் ஓராண்டு மின்சாரம் முழுவதும் அதற்குள் அடங்கிவிடும்.

ஆண்டுதோறும் சித்திரை பிறந்ததும் "கேஸ் கம்மியா இருக்கு, டாப்-அப் பண்ணிடலாம் சார்" என்று மெக்கானிக் சொல்வதும், நாமும் பணத்தைக் கொடுத்து அனுப்பிவிடுவதும் வழக்கமாகிவிட்டது. அந்த வாயு மூடிய சுற்றில் ஓடுவது. அது தேய்ந்து தீர்ந்துபோவதில்லை. குறைந்திருக்கிறது என்றால் எங்கோ கசிகிறது என்று பொருள். எனவே நிரப்புவதற்கு முன் கசிவைக் கண்டுபிடிக்கச் சொல்ல வேண்டும். வெளி யூனிட்டில் செம்புக் குழாய்கள் திருகி இணையும் பித்தளை மூடிகளைச் சுற்றிச் சோப்பு நுரையைத் தடவினால், கசியும் இடத்தில் குமிழி வரும். பெரும்பாலும் அந்தத் திருகைச் சரியாக இறுக்குவதிலோ, குழாய் முனையை மீண்டும் விரித்துப் பொருத்துவதிலோ சிக்கல் தீர்ந்துவிடும். புதிதாக நிரப்பும்போது வாக்குவம் பம்பு வைத்துக் குழாயிலுள்ள காற்றை இழுத்துவிட்டுத்தான் நிரப்ப வேண்டும். பழைய வாயுவைத் திறந்துவிட்டுக் காற்றைத் தள்ளும் குறுக்குவழியை அனுமதிக்கக் கூடாது.

வீடு மாறும்போது ஏ.சி.யைக் கழற்றுவதாக இருந்தால் 'பம்ப் டவுன்' செய்யச் சொல்லுங்கள். இயந்திரத்தை ஓடவிட்டு, மெல்லிய குழாயின் வால்வை ஆலன் சாவியால் மூடிவிட்டால், வாயு முழுவதும் வெளி யூனிட்டுக்குள் வந்து சேரும். உடனே தடித்த குழாயின் வால்வையும் மூடி, இயந்திரத்தை நிறுத்திவிட வேண்டும். சில நிமிட வேலைதான். இதைச் செய்யாமல் குழாயை வெட்டும்போது எழும் 'உஸ்ஸ்' என்ற ஓசையில் ஒரு டன், ஒன்றரை டன் கரியமில வாயுவுக்குச் சமமான அளவு போய்விடக்கூடும். ஃபிரிட்ஜ் வாங்கும்போது பின்புறச் சீட்டில் ஆர்-600ஏ என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்து வாங்குவது நல்லது, அந்த வாயுவின் வெப்ப விளைவு மிகமிகக் குறைவு.

மாடியில் சூரிய மின்சாரம்

சொந்த வீடும், நிழல் விழாத மாடியும் உள்ளவர்களுக்கு இதைவிடப் பெரிய ஒற்றை நடவடிக்கை கிடையாது. ஒரு கிலோவாட் பலகைகளுக்குச் சுமார் 100 சதுர அடி இடம் வேண்டும், நம் பகுதி வெயிலில் நாளுக்கு ஏறத்தாழ 4 யூனிட் கிடைக்கும். மூன்று கிலோவாட் வைத்தால் ஆண்டுக்கு 4,000 யூனிட்டுக்கு மேல், அதாவது சுமார் 3 டன், 9 சதுர மீட்டர் பனி. 2024-இல் தொடங்கிய பிரதமரின் சூர்ய கர் திட்டத்தில் முதல் இரண்டு கிலோவாட்டுக்குத் தலா 30,000 ரூபாயும், மூன்று கிலோவாட்டோ அதற்கு மேலோ என்றால் மொத்தமாக 78,000 ரூபாயும் மானியமாகக் கிடைக்கிறது. பொருத்துவதற்கு முன் தண்ணீர்த் தொட்டியின் நிழலும் பக்கத்து வீட்டுச் சுவரின் நிழலும் மாலை நான்கு மணிவரை எங்கே விழுகின்றன என்று ஒரு நாள் முழுவதும் பார்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும். நிழல் விழும் ஒரு பலகை, அதோடு தொடராக இணைந்த மற்றவற்றின் உற்பத்தியையும் இழுத்துவிடும். வாரத்துக்கு ஒருமுறை அதிகாலையில் தண்ணீர் ஊற்றித் துடைப்பது அவசியம். நெடுஞ்சாலைத் தூசி படியும் பகுதிகளில் அடிக்கடி துடைக்க நேரும்.

அடுப்படி

மின்சார அடுப்புதான் சூழலுக்கு நல்லது என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. கணக்குப் போட்டுப் பார்த்தால் இப்போதைக்கு அது நம் ஊருக்குப் பொருந்தவில்லை. எரிவாயு அடுப்பில் பாத்திரத்துக்குப் போய்ச் சேரும் ஒரு யூனிட் வெப்பத்துக்குச் சுமார் 0.4 கிலோ கரியமில வாயு வெளியாகிறது. நிலக்கரி மின்சாரத்தில் ஓடும் இண்டக்ஷன் அடுப்பில் அதே வெப்பத்துக்குச் சுமார் 0.8 கிலோ. மாடியில் சூரியப் பலகை இருந்து, பகலில் சமைப்பவர்களுக்கு மட்டும் இண்டக்ஷன் உண்மையான இலாபம். மற்றவர்கள் எரிவாயுவையே சிக்கனமாகப் பயன்படுத்தலாம்: பருப்பையும் கொண்டைக்கடலையையும் முன்கூட்டியே ஊறவைத்தல், குக்கருக்குள் அடுக்குப் பாத்திரத்தில் சாதமும் பருப்பும் காயும் ஒன்றாக வேகவைத்தல், கொதி வந்ததும் சிம்மில் வைத்தல், சுடர் பாத்திரத்தின் அடியைத் தாண்டி வெளியே நக்காமல் பார்த்துக்கொள்ளுதல். சுடர் மஞ்சளாக எரிந்தால் பர்னரைக் கழற்றித் துளைகளை ஊசியால் சுத்தம் செய்ய வேண்டும்.

தட்டில் என்ன இருக்கிறது என்பதும் கணக்கில் வரும். அசைபோடும் கால்நடைகள் மீத்தேனை வெளியிடுவதால், ஆட்டிறைச்சியும் மாட்டிறைச்சியும் கோழியைவிடப் பல மடங்கு கனமானவை. ஆம்பூர் பிரியாணிக்குப் பேர்போன வட்டாரத்தில் இதை எழுதுவதற்குக் கொஞ்சம் துணிச்சல் வேண்டியிருக்கிறது. பிரியாணியை விடச் சொல்லவில்லை. வாரத்தில் எத்தனை நாள் என்பதை யோசிக்கலாம். சவ்வாது மலையில் விளையும் சாமை, தேங்கிய நீர் இல்லாமலே வளர்வது. நெல்வயலின் மீத்தேன் அதற்கு இல்லை. 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற வேலூர் முள்ளுக் கத்திரிக்காய் பக்கத்து வயலிலிருந்தே வரும்போது, தொலைதூரக் குளிர்பதனக் கிடங்கிலிருந்து வரும் காய் எதற்கு?

ஈரக் குப்பையும் மட்குப் பானையும்

காய்கறித் தோலும் மிச்சச் சோறும் பிளாஸ்டிக் பையில் கட்டப்பட்டுக் குப்பைமேட்டுக்குப் போனால், காற்று புகாத அடியில் அழுகி மீத்தேனாகின்றன. நூறாண்டுக் கணக்கில் மீத்தேன் கரியமில வாயுவைப் போல் 28 மடங்கு, இருபதாண்டுக் கணக்கில் 80 மடங்கு அளவுக்குச் சூடேற்றுகிறது. வேலூர் இந்த விஷயத்தில் மற்ற ஊர்களுக்கு வழிகாட்டியும் இருக்கிறது. 'வேலூர் சீனிவாசன்' என்றே அறியப்படும் சி. சீனிவாசன் உருவாக்கிய, குப்பையை உருவாகும் இடத்திலேயே பிரித்து வளமாக்கும் முறை இந்தப் பகுதியில்தான் தொடங்கிப் பிற மாநிலங்களுக்கும் சென்றது. தூய்மைப் பணியாளரிடம் ஈரம், உலர் எனப் பிரித்துக் கொடுத்தாலே பாதி வேலை முடிந்தது.

வீட்டிலேயே மட்க வைக்க விரும்புவோர் அடியிலும் பக்கவாட்டிலும் துளையிட்ட மண்பானை ஒன்றை நிழலில், இரண்டு செங்கல்லின்மேல் வைக்க வேண்டும். அடியில் நான்கு விரற்கடைக்குத் தேங்காய் நார், அதன்மேல் ஒரு கைப்பிடி பழைய மட்கு அல்லது புளித்த மோர் தெளித்த மண். அதன்பின் ஒவ்வொரு நாளும் போடும் ஈரக் கழிவுக்கு அளவில் சமமாகவோ சற்று அதிகமாகவோ உலர் சருகு போட்டு மூட வேண்டும். வாரத்துக்கு இருமுறை குச்சியால் கிளறிவிட வேண்டும். ஒரு பிடி அள்ளிக் கசக்கினால் கை ஈரமாக வேண்டும், ஆனால் தண்ணீர் சொட்டக் கூடாது. அதுவே சரியான பதம். நாற்றம் வந்தால் ஈரம் மிகுந்திருக்கிறது, சருகு சேர்க்க வேண்டும். வேலூரின் வைகாசியில் நேர்மாறான சிக்கல்தான் அதிகம்: பானை காய்ந்து கழிவு அப்படியே விறைத்து நின்றுவிடும், அப்போது தண்ணீர் தெளித்து ஈரச் சாக்கால் மூடி வைக்க வேண்டும். இரண்டு மாதத்தில் மண்வாசனையோடு கருப்பு உரம் கிடைக்கும்.

குப்பையைக் கொளுத்துவதும், போகியன்று டயரை எரிப்பதும் வேண்டாம். வட இந்தியாவில் இப்படி எழும் கரி இமயமலைப் பனியின்மேல் படிந்து அதைக் கருமையாக்குகிறது; நம் புகை முதலில் போய்ச் சேருவது நம் பிள்ளைகளின் நுரையீரலுக்கு.

சாலையும் தண்டவாளமும்

லிட்டருக்கு ஐம்பது கிலோமீட்டர் தரும் பைக் கிலோமீட்டருக்குச் சுமார் 46 கிராம், பதினைந்து தரும் கார் 150 கிராமுக்கு மேல். மின் ஸ்கூட்டர் நிலக்கரி மின்சாரத்தில் சார்ஜ் ஆனாலும் பைக்கில் ஏறக்குறையப் பாதிதான். பழைய பேருந்து நிலையத்திலிருந்து காட்பாடி சந்திப்புக்கு ஒற்றை ஆள் காரில் போய், கிரீன் சர்க்கிளில் எஞ்சினை அணைக்காமல் காத்துக் கிடப்பதைவிட நகரப் பேருந்து எல்லாக் கணக்கிலும் மேல். சென்னைக்கு ரயில்தான்; அதில் விவாதமே இல்லை. டயரில் காற்றழுத்தத்தைப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை பார்ப்பதும், அரை நிமிடத்துக்கு மேல் நிற்கும் இடங்களில் எஞ்சினை அணைப்பதும் சிறு சேமிப்புகள்.

நெல்வயல்

குடியாத்தம், அணைக்கட்டு, ஆற்காடு பக்கம் நிலம் உள்ளவர்களுக்கு மேற்சொன்ன எல்லாவற்றையும்விட முக்கியமானது இது. எப்போதும் தண்ணீர் தேங்கியிருக்கும் நெல்வயலின் சேற்றில் காற்று புகாததால் அங்கே மீத்தேன் உருவாகிறது. வயலைச் சில நாள் காயவிட்டு மறுபடி நீர் பாய்ச்சும், நம் முன்னோர் சொன்ன காய்ச்சலும் பாய்ச்சலும் என்ற முறையைப் பின்பற்றினால், சேறு இடையிடையே காற்றைக் குடித்து மீத்தேன் பெரிதும் குறைகிறது. பல இடங்களில் பாதி அளவுக்குக் குறைந்திருக்கிறது, தண்ணீரும் கால்பங்குவரை மிச்சமாகிறது.

எப்போது பாய்ச்சுவது என்பதற்கு எளிய கருவி ஒன்று உண்டு. ஓரடி நீளமும் நான்கு முதல் ஆறு அங்குல அகலமும் உள்ள பி.வி.சி. குழாயின் கீழ்ப் பாதியில் சுற்றிலும் சிறு துளைகள் போட்டு, துளையுள்ள பகுதி மண்ணுக்குள் இறங்கும்படி வரப்புக்கு அருகில் நட்டுவைத்து, உள்ளே உள்ள மண்ணை அள்ளி எடுத்துவிட வேண்டும். குழாய்க்குள் நீர்மட்டம் தரைமட்டத்துக்குக் கீழே 15 சென்டிமீட்டர் இறங்கிய பிறகுதான் மோட்டாரைப் போட வேண்டும். அதுவரை மேல்மண் லேசாக வெடித்திருந்தாலும் வேர் ஈரத்தில்தான் இருக்கிறது. நட்ட முதல் இரண்டு வாரமும், பூக்கும் வாரத்திலும் மட்டும் இந்தக் காய்ச்சலைத் தவிர்த்து மெல்லிய நீர் நிறுத்த வேண்டும். ஆழ்துளைக் கிணற்றின் நீர்மட்டம் ஆண்டுக்காண்டு இறங்கிக்கொண்டிருக்கும் பாலாற்றுப் படுகையில் மீத்தேனைப் பற்றிக் கவலைப்படாதவருக்கும் இது இலாபம். யூரியாவை ஒரே தவணையில் கொட்டாமல் பிரித்துப் போடுவதும் இதோடு சேர வேண்டும். வீணாகும் யூரியாவிலிருந்து எழும் நைட்ரஸ் ஆக்சைடு கரியமில வாயுவைப் போல் சுமார் 270 மடங்கு. கரும்புத் தோகையைக் கொளுத்தாமல் பாரிலேயே பரப்பி மூடாக்காக விடலாம்.

வீடு கட்டுபவர்களுக்கு

இதை யாரும் வீட்டுக் கணக்கில் சேர்ப்பதில்லை. சதுர அடிக்கு 0.4 மூட்டை சிமெண்டு என்பது கொத்தனார்களின் பொதுக் கணக்கு. ஆயிரம் சதுர அடிக்கு 400 மூட்டை, அதாவது 20 டன் சிமெண்டு, அதன் உற்பத்தியில் மட்டும் சுமார் 12 டன் கரியமில வாயு. கம்பியையும் சேர்த்தால் 20 டன்னைத் தொடும். மேலே பார்த்த குடும்பம் எட்டு ஆண்டுகளில் வெளியிடும் அளவு அது. ஆகவே தாத்தா கட்டிய ஓட்டு வீட்டை இடிப்பதற்கு முன் ஒரு பொறியாளரிடம் காட்டி, பழுதுபார்த்தால் தாங்குமா என்று கேட்பது மிகப் பெரிய சேமிப்பாக இருக்கும். கட்டியே தீர வேண்டுமென்றால் சாம்பல் கலந்த பி.பி.சி. சிமெண்டையும் சாம்பல் செங்கலையும் கேட்டு வாங்கலாம்.

எவற்றை விட்டுவிடலாம்

சார்ஜரை சுவரிலிருந்து பிடுங்குவது, மின்னஞ்சலை அழிப்பது போன்றவை மனநிறைவுக்கு உதவும், பனிக்கு உதவா. குண்டு பல்பு எங்கேனும் மிஞ்சியிருந்தால் எல்.இ.டி.யாக மாற்றிவிட்டு அந்த அத்தியாயத்தை மூடிவிடலாம். மரம் நடுவது வேண்டும், ஆனால் அதன் அளவை அறிந்து நட வேண்டும்: நன்கு வளர்ந்த ஒரு மரம் ஆண்டுக்கு ஈர்ப்பது பொதுவாகச் சுமார் 20 கிலோ என்று கணக்கிடுகிறார்கள், ஒரு டன்னுக்கு ஐம்பது மரம். வீட்டின் மேற்கில் நிற்கும் ஒரு புங்கையோ வேம்போ தரும் நிழலால் ஏ.சி. ஓடும் நேரம் குறைவதுதான் அதைவிடப் பெரிய பயன். தண்ணீரைச் சிக்கனம் செய்வதை இந்தப் பட்டியலில் சேர்க்கக் கூடாது. வேலூரின் குழாய்க்கு வரும் காவிரி நீர் மேட்டூர்ப் பக்கத்திலிருந்து மின்சாரத்தின் பலத்தால் ஏறி வருவது. தொட்டி நிரம்பி வழிந்தால் மின்சாரமும் சேர்ந்து வழிகிறது.

ஊராட்சியில் கேட்க வேண்டியவை

தனி வீட்டால் முடியாத வேலைகள் சில உண்டு: தெருவிளக்குகளைத் தானியங்கி நேரமானியோடு எல்.இ.டி.க்கு மாற்றுவது, ஊர்க் குப்பையை ஏரிக்கரையில் கொளுத்துவதை நிறுத்தி மட்கு உரக் குழி அமைப்பது, மேல்நிலைத் தொட்டி மோட்டாரின் மின்சாரத்துக்குச் சூரியப் பலகை பொருத்துவது. சனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாள்களில் கிராம சபை கூடுகிறது. வாய்மொழியாகச் சொல்லிவிட்டு வருவதைவிட, கோரிக்கையை ஒவ்வொன்றாக எழுதி, நாலைந்து வீட்டாரின் கையெழுத்தோடு கொடுத்து, அது தீர்மானப் புத்தகத்தில் எந்த எண்ணில் பதிவாகியிருக்கிறது என்று பார்த்துக் குறித்துக்கொண்டு கிளம்ப வேண்டும். அடுத்த சபையில் அந்த எண்ணைச் சொல்லித்தான் கேள்வி கேட்க முடியும்.